ஒரு பக்கம் குரல், மறுபக்கம் வாத்தியம்

பீட்டில்ஸ் குழுவினரின் வாசிப்புத் திறமையை எடைபோட விரும்பும் நேயர்கள், 1963-இல் வந்த அவர்களுடைய முதல் இரண்டு ஆல்பங்களின் ஸ்டீரியோ பதிப்பைக் கேட்க வேண்டும். லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோவில் அப்போது அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு டிராக் டேப்தான். மோனோவில் கலக்கும்போது அளவைச் சரிசெய்ய வசதியாக, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் குரலைத் தனியாகவும் வாத்தியங்களைத் தனியாகவும் பதிந்தார். ஸ்டீரியோவில் அவை இடமும் வலமுமாகப் பிரிந்தே நிற்கின்றன.

‘ஆல் மை லவிங்’ பாட்டில் குரல் வரும் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். ஜான் லெனனின் ரிதம் கிடார் மும்மூன்று தட்டாகத் தடதடவென ஓடுவதும், பால் மெக்கார்ட்னியின் பேஸ் படிப்படியாக ஏறி இறங்குவதும் துல்லியமாகக் கேட்கும். அந்த வேகத்தில் கை தளராமல் மீட்டுவது லேசுப்பட்ட வேலையா! மேடையில் பால் அந்த பேஸை வாசித்தபடியே பாடவும் செய்தார்.