இளம் வயதில் மூச்சிரைப்பா? எல்லாமே ஆஸ்துமா அல்ல!

"வைத்தியர் ஐயா, ரெண்டு வருஷமா ஆஸ்துமாவுக்கு மருந்து எடுக்கறேன். மாடி ஏறினா மூச்சு வாங்குது. சித்த மருந்துலயாவது கேட்குமா?" என்று கேட்டபடி வந்தார், முப்பது வயதுப் பெண் ஒருவர். நானும் இரைப்பு என்று எண்ணித் தாளிசாதி சூரணம் கொடுத்தேன். ஒரு மாதம் போனது, குணமில்லை.

மறுமுறை வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "போன வருஷம் திடீர்னு நெஞ்சு வலிச்சு, நுரையீரலைச் சுத்திக் காத்து சேர்ந்துடுச்சுன்னு ஆஸ்பத்திரியில குழாய் வெச்சாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய விஷயம் அது! உடனே நுரையீரல் நிபுணரிடம் அனுப்பினேன். வந்திருந்தது 'லாம்' என்னும் அபூர்வ நோய்.

அதென்ன லாம்? பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கே வருவது. தசை செல்களைப் போன்ற சில செல்கள் நுரையீரலில் தாறுமாறாகப் பெருகி, அதன் திசுவை அரிக்கின்றன. அந்த இடங்களில் மெல்லிய சுவருள்ள காற்றுக் கொப்புளங்கள் உண்டாகின்றன. ஒன்று வெடித்தாலும் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேனில்தான், நுரையீரல் முழுக்க உருண்டைக் கொப்புளங்கள் பரவியிருப்பது தெரியும். சிலருக்குச் சிறுநீரகத்தில் கொழுப்புக் கட்டியும் இருக்கும். ஸ்கேன் இப்படி இருந்து, ரத்தத்தில் 'வி.இ.ஜி.எஃப்-டி' அளவு ஒரு மில்லி லிட்டருக்கு 800 பிக்கோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், நுரையீரலில் சதை எடுத்துப் பார்க்காமலே நோயை உறுதி செய்யலாம்.

சிகரெட் பிடிக்கும் இளைஞர்களுக்கு வரும் கொப்புள நோய் வேறு. அது நுரையீரலின் மேல்பாகத்தில் அதிகம் இருக்கும். சிகரெட்டை விட்டாலே பலருக்குக் குறையும்.

லாம் நோய்க்கு 'சிரோலிமஸ்' மாத்திரை பலன் தருவதாக 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2015-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. இது நோயின் வேகத்தைத் தடுக்கும். ஆனால் அழிந்த நுரையீரலைத் திரும்பத் தராது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் இவர்களுக்கு ஆகாது.

ஆஸ்துமா மருந்துக்கு இரைப்பு அடங்கவில்லையா? ஒருமுறையாவது நுரையீரல் சுருங்கியதா? லேகியம், கஷாயம் என்று நாள் கடத்தாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: முதலில் ஸ்கேன், பிறகு மருந்து!