ஒரு கிராமுக்கும் குறைவு
(ஆறும் தூண்டிலும் – 14)

1992 மே 9. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஹீபர் ஸ்பிரிங்ஸ் ஊரை ஒட்டி ஓடுகிற லிட்டில் ரெட் ஆற்றில் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார் ‘ரிப்’ காலின்ஸ். நுனியில் கட்டியிருந்தது ஆலிவ் நிற இறகு சுற்றிய சின்னஞ்சிறு ஜிக். எடை ஒரு அவுன்ஸில் 32-இல் ஒரு பங்கு. ஒரு கிராம்கூட வராது. நரம்பு 4 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.8 கிலோ இழுப்பைத் தாங்குவது. அதில் வந்து மாட்டிய பிரவுன் ட்ரவுட் 40 பவுண்டு 4 அவுன்ஸ் இருந்தது. 18 கிலோவுக்கும் மேல்! 2009-இல் மிச்சிகனில் அதைவிடப் பெரியது பிடிபடும்வரை 17 ஆண்டுகள் அதுவே உலக சாதனை.

நரம்பின் பலத்தைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள மீன் எப்படிக் கரைக்கு வந்தது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் ஆறு. லிட்டில் ரெட்டில் ஒரு காலத்தில் ட்ரவுட்டே கிடையாது. அதன் குறுக்கே கட்டிய கிரீர்ஸ் ஃபெரி அணையை 1963 அக்டோபர் 3 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். வெதுவெதுப்பில் வாழ்ந்த மீன்களுக்கு அது ஆகவில்லை. குளிர் விரும்பும் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அங்கே நிலைத்துவிட்டது.

இனி ஜிக். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி வார்த்த குண்டு. அதன் பின்னால் மராபூ இறகு. பெயர் மராபூ நாரையிலிருந்து வந்தது; இன்று கட்டுவதெல்லாம் வான்கோழியின் மெல்லிறகுதான். நரம்பு கட்டும் துளை குண்டின் மேல்பக்கம் இருப்பதால் முள்ளின் கூர் வானம் பார்த்தே நிற்கும். பாறைகளுக்கு நடுவே போனாலும் அதிகம் சிக்காது. காய்ந்திருக்கும்போது பஞ்சு போலப் பொங்கி நிற்கும் இறகு, நனைந்ததும் ஒடுங்கி ஒரு குட்டி மீனாகிவிடும். நீர் லேசாக அலைந்தால் போதும், அதுவும் நெளியும்.

இத்தகைய குளிர்நீர் ஆறுகளின் அடிக்கற்களுக்கிடையே ஸ்கல்பின் என்றொரு சிறுமீன் உண்டு. அதற்குக் காற்றுப்பை இல்லை. அதனால் மிதந்து நீந்தாது. தத்தி எழும்பும், உடனே அடியில் விழும். பெரிய பிரவுன் ட்ரவுட்டுக்குப் பிடித்தமான இரை. ஜிக்கை நாம் ஆட்டவேண்டிய விதமும் இதுதான். ஓட்டத்துக்குக் குறுக்கே வீசுங்கள். இறங்கவிடுங்கள். கம்பு நுனியை ஒரு சாண் உயர்த்தி, மறுபடி விழவிடுங்கள். மீன் கவ்வுவது பெரும்பாலும் விழும்போதுதான். ஆகவே நரம்பைத் தொங்கலாக விடாமல், இழுக்கவும் செய்யாமல், கண்ணை அதன்மேல் வையுங்கள். இறங்கிக்கொண்டிருந்த நரம்பு சட்டென நின்றாலோ, பக்கவாட்டில் துள்ளினாலோ கம்பைத் தூக்குங்கள். கையில் ‘தட்’ என்று உணரும்வரை காத்திருந்தால், மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

இவ்வளவு லேசான இரையைக் கனத்த நரம்பில் கட்டினால் தூரம் போகாது, தண்ணீரில் இறங்காது, தெளிந்த நீரில் மீனும் மிரளும். ஆகவே மெல்லிய நரம்பைத் தவிர வேறு வழியில்லை. அதைக் காப்பாற்றுவது ஸ்பின்னிங் ரீலில் இருக்கும் டிராக். குறித்த அளவுக்கு மேல் மீன் இழுத்தால் சுருள் தானே வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும். தண்ணீருக்குள் மீனின் எடையை நரம்பு சுமப்பதில்லை. அது தாங்குவது இழுப்பை மட்டுமே. 1.8 கிலோ நரம்பானால் அரை கிலோ இழுப்பிலேயே டிராக் நழுவ வேண்டும். சிறு தொங்கு தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பாருங்கள். மீதிப் பலம், வளையும் கம்புக்கும் திடீர்ப் பாய்ச்சலுக்கும் வேண்டிய சேமிப்பு.

மீன் ஓடும்போது சுற்றாதீர்கள். விடுங்கள். நின்றால் கம்பை நிதானமாக உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்றுங்கள். மீன் மாட்டியதும் பதறி டிராக்கை முறுக்குகிறவர்தான் நரம்பை அறுத்துக்கொள்கிறார். நானும் அப்படி அறுத்துக்கொண்டு வெறுங்கம்போடு நின்றிருக்கிறேன். அந்த வலியால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லிட்டில் ரெட் போன்றவை அணைக்குக் கீழே ஓடும் ஆறுகள். மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் கணுக்கால் அளவு நீர் மளமளவென்று ஏறும். நீர் கலங்கினாலோ, சருகுகள் மிதந்து வந்தாலோ, கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கினாலோ உடனே கரையேறிவிடுங்கள். மீனுக்கு மட்டுமல்ல, ஆற்றுக்கும் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும்.

அடுத்த வாரம்: பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுவது எப்படி?