பரண்மேல் ஒரு பட்டணம்!

கல்லிலே வெட்டி வைத்தான் பேரரசன். செம்பிலே பொறித்து வைத்தான் சிற்றரசன். படை நடத்தியவன் கதை பாட்டாயிற்று. கோபுரம் எழுப்பியவன் பெயர் கோபுரத்தோடு நிற்கிறது. ஏர் பிடித்தவன் கதை எங்கே? இழைப்புளி தள்ளியவன், தறியிலே அமர்ந்தவன், திண்ணைப் பள்ளியிலே பாடம் சொன்னவன், இவர்களுடைய வரலாறு எந்தக் கல்லிலே இருக்கிறது? எந்தச் செம்பிலே இருக்கிறது?

கல்லிலும் இல்லை, செம்பிலும் இல்லை. தகரப் பெட்டியிலே இருக்கிறது! பரண்மேலே, கிழிந்த பாய்க்கும் உடைந்த தொட்டிலுக்கும் நடுவே, கரையானுக்கு அஞ்சி, மழை ஒழுக்குக்கு அஞ்சி, பழைய பேப்பர்காரரின் தராசுக்கு அஞ்சிக் கிடக்கிறது!

அப்படி ஒரு பெட்டியை அண்மையிலே தச்சநல்லூரில் கண்டேன். நெல்லைச் சந்திப்புக்கு வடக்கே, மதுரைச் சாலையை ஒட்டிய ஊர். பெயரைக் கேட்டாலே உளியோசை காதிலே விழும். 1994இல் நெல்லை மாநகராட்சி அமைந்தபோது பாளையங்கோட்டை, மேலப்பாளையத்தோடு இதுவும் அதனுள் சேர்ந்தது. நண்பர் ஒருவர் தம் பழைய ஓட்டுவீட்டை இடித்துக் கட்ட முடிவு செய்திருந்தார். "பரணைக் காலி செய்கிறோம். பழைய தாள்கள் கிடக்கின்றன. நாளைக் காலையில் எடைக்குப் போடப் போகிறோம். முன்னதாக வந்தால் பார்க்கலாம்" என்றார். ஓடினேன்.

பெட்டியைத் திறந்ததும் எழுந்தது தூசி. தூசிக்குள்ளே இருந்தது ஒரு பட்டணம்!

ரேஷன் அட்டை, ரயில் சீட்டு, சினிமாப் பாட்டுப் புத்தகம், தேர்தல் துண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை, அஞ்சலட்டை. அவற்றின் அடியிலே தடித்த அட்டையில் ஒட்டிய புகைப்படங்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. பெரும்பாலானவற்றில் ஆண்டும் இல்லை. வாயில்லாப் பூச்சிகள் என்று தள்ளிவிடலாமா? கூடாது, அன்பர்களே! கேட்கத் தெரிந்தவனிடம் அவை பேசும்.

காசைக் கேளுங்கள், காலத்தைச் சொல்லும். பாட்டுப் புத்தகத்தின் அட்டையிலே "இரண்டணா" என்று இருக்கிறதா? அது பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அணாக்கணக்குப் போய்ப் புதுக்காசு வந்தது. "ந.பை." என்று இருக்கிறதா? அது நயாபைசா. 1964 ஜூன் மாதம் "நயா" உதிர்ந்தது. வெறும் பைசா நின்றது. ஆகவே "ந.பை." என்ற இரண்டெழுத்து, ஒரு துண்டுத்தாளை ஏழாண்டு எல்லைக்குள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது! பாட்டுப் புத்தகத்தின் உள்ளே கதைச் சுருக்கம் பாதியிலே நிற்கும். மீதியை வெள்ளித்திரையில் காணுங்கள் என்று நம்மை அனுப்பிவிடும். காசு இருந்தவன் திரையிலே கண்டான். இல்லாதவன் அண்டைவீட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாடினான்.

முகவரியைக் கேளுங்கள், அதுவும் பேசும். 627 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண் அச்சாகியிருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிற்பட்டது. "சென்னை ராஜ்யம்" என்று இருந்தால் 1969க்கு முற்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 14இலேதான் நம் மாநிலம் தமிழ்நாடு என்ற தன் பெயரைச் சட்டப்படி பெற்றது. தூத்துக்குடிக் கடையின் ரசீதிலே "திருநெல்வேலி ஜில்லா" என்று கண்டால் பிழை என்று எண்ணாதீர்கள். 1986 வரையில் தூத்துக்குடி நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். ரயில் தாளிலே எஸ்.ஐ.ஆர். என்று இருந்தால் அது தென்னிந்திய ரயில்வே. 1951 ஏப்ரலிலே அது தெற்கு ரயில்வேக்குள் கரைந்தது. நாம் இன்று ஜங்ஷன் என்று சொல்லும் நிலையத்தை அந்நாளைய ரயில் ஏடுகள் "திருநெல்வேலி பாலம்" என்று குறித்தன. ஜங்ஷன் படமொன்றிலே ஈரடுக்கு மேம்பாலம் இல்லையென்றால் அது 1973க்கு முந்திய ஜங்ஷன்.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். "நெல்லை" என்று எழுதியிருக்கிறதே, அந்த லகர ஐகாரத்தைப் பாருங்கள். யானைத் துதிக்கைபோல மேலே வளைந்து நிற்கிறதா? அது பழைய எழுத்து. பெரியார் தம் ஏடுகளிலே 1935லேயே கையாண்ட சீர்திருத்த எழுத்துக்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. பெரியாரின் ஏடுகளிலே துதிக்கை முன்னரே மறைந்தது. ஊர் அச்சகங்களின் கல்யாணப் பத்திரிகையிலே அது நெடுங்காலம் ஆடிக்கொண்டிருந்தது. ஊரின் பெயரை எழுதிய விதமே ஊரின் வயதைச் சொல்கிறது!

எழுத்து மட்டுமா மாறிற்று? சொல்லும் மாறிற்று, சொல்லோடு மனிதனும் மாறினான். பெட்டியிலிருந்த கூட்ட அறிவிப்புக்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தேன். முதல் தாளிலே "அக்கிராசனர்" வீற்றிருக்கிறார், "காரியதரிசி" கையெழுத்திடுகிறார், "உபந்நியாசம்" நிகழ்கிறது, "அபேட்சகர்" ஓட்டுக் கேட்கிறார். சில ஆண்டு கழித்து வந்த தாளிலே அக்கிராசனர் தலைவராகிவிட்டார், காரியதரிசி செயலாளர், உபந்நியாசம் சொற்பொழிவு, அபேட்சகர் வேட்பாளர்! "விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை"க்குப் பக்கத்திலே கிடக்கிறது "திருமண அழைப்பிதழ்". தாலி கட்டுவிக்கப் புரோகிதரை அழைத்த வீட்டிலே, அடுத்த தலைமுறை வாழ்த்துரை வழங்க அறிஞரை அழைத்திருக்கிறது. அந்தத் திருமணங்களுக்குச் சட்டத்தின் ஏற்பு 1967இலே இயற்றிய திருத்தத்தினால்தான் வந்தது. சட்டம் வருமுன்னே அழைப்பிதழ் வந்துவிட்டது! மொழி மாற்றத்தைப் பற்றி மேடையிலே பேசுகிறோம். மேடையிலே பேசியது வீட்டுக்குள்ளே நுழைந்ததா என்பதற்குச் சான்று எது? இந்தத் தாள்தான் சான்று.

தேர்தல் துண்டறிக்கை ஒன்று, "நம் பெட்டியிலே போடுங்கள்" என்று கெஞ்சுகிறது. இன்றைய இளைஞனுக்கு இது புரியாது. 1952லும் 1957லும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேலே சின்னம். எழுதப் படிக்கத் தெரியாத உழவன் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டான். ஒரே தாளிலே முத்திரை குத்தும் முறை 1962 பொதுத்தேர்தலில் நாடெங்கும் வந்தது. அந்தத் துண்டறிக்கையின் பின்புறத்திலே யாரோ மளிகைக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்: அரிசி, உளுந்து, நல்லெண்ணெய். 1952இல் அரிசிக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு கடையிலே வாங்கிய அரிசி. ஒருபுறம் அரசியல், மறுபுறம் அடுப்பங்கரை! இவ்வளவு உண்மையாக எழுதிய வரலாற்று நூல் வேறு எது?

இனிப் படங்களுக்கு வருகிறேன்.

ஸ்டூடியோப் படங்களே மிகுதி. பின்னால் தொங்கும் திரையிலே மாடமாளிகை, படிக்கட்டு, பூங்கா; முன்னால் நிற்பவனோ மண் சுவர் வீட்டுக்காரன்! கையிலே கடிகாரம், அது இரவல்; தோளிலே அங்கவஸ்திரம், அதுவும் இரவல். சிரிப்பாரே இல்லை. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய காலம். அந்த அச்சத்தையும் மீறி, "நானும் இருந்தேன்" என்று காட்ட ஒரு நாள் கூலியைக் கொடுத்து நின்றானே, அந்த ஆசையை எள்ளி நகையாடலாமா? மன்னனுக்குக் கல்வெட்டு, இவனுக்கு இந்த அட்டை.

ஒரே ஒரு படம் பெரியது. வாசகசாலை ஆண்டுவிழா. நாற்காலிகளிலே ஐவர், பின்னே நிற்பவர் அறுவர், ஓரத்திலே கையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஒருவர். கூடவே மடித்து வைத்த அறிவிப்பிலே "நன்கொடை 25 ந.பை." என்று கண்டதும் காலம் தெரிந்தது. ஆனால் ஆட்கள்?

நண்பரின் ஆச்சியை அழைத்தோம். வயது எண்பத்தெட்டு. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெளிச்சத்திலே பிடித்தார்.

"இது எங்க வீட்டுக்காரர். இது பெரிய வாத்தியார். இவரு மில்லுல வேலை பாத்தாரு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பேப்பர் வாசிச்சுக் காட்டுவாரு, படிக்கத் தெரியாதவங்களுக்கெல்லாம்…"

ஒவ்வொரு பெயராக வந்தது. பெயரோடு கதையும் வந்தது. வாசித்துக் காட்டியவரின் குரலைக்கூட ஆச்சி சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"ஆச்சி, நீங்கள் எங்கே?" என்று கேட்டேன்.

"நாங்க எங்கேய்யா வெளிய வர? அந்தா, பின்னால ஒரு ஜன்னல் தெரியுதுல்லா, அதுக்குப் பின்னால நின்னேன். பேசுனதெல்லாம் காதுல கேட்டுச்சு."

பார்த்தேன். கறுப்பாக ஒரு ஜன்னல். அதற்குள்ளே ஒரு தலைமுறைப் பெண்கள்! படத்திலே இருக்கிறார்கள், ஆனால் தெரியவில்லை. ஆச்சி சொல்லியிராவிட்டால் அது வெறும் ஜன்னல்.

கடைசியாக ஓரத்திலே நின்றவரைக் காட்டினேன். விளக்குப் பிடித்தவர். ஆச்சி உற்றுப் பார்த்தார்.

"தெரியுமேய்யா… எல்லா விசேஷத்துக்கும் இவருதான் விளக்கு. நல்ல மனுசன். பேரு… நாக்குலேயே நிக்கி, வரமாட்டேங்கு."

வரவில்லை. அன்று மாலை வரையில் வரவில்லை. மறுநாள் கேட்டபோதும் வரவில்லை.

பதினொரு பேருக்குப் பெயர் கிடைத்தது. அனைவருக்கும் வெளிச்சம் காட்டியவருக்குப் பெயர் இல்லை! தாமிரபரணியின் குறுக்கே 1843இலே முடிந்த பாலம், அதற்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்த சுலோசன முதலியாரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. நிற்கட்டும், அது நியாயம். ஆனால் கல் சுமந்தவர்கள்? அவர்கள் காலத்திலே நமக்குப் படமும் இல்லை, பெட்டியும் இல்லை, மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். விளக்குக்காரர் விஷயத்திலே நமக்கு என்ன சாக்கு? படம் இருந்தது. பெயர் தெரிந்தவர்கள் அறுபது ஆண்டு நம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார்கள். நாம் கேட்கவில்லை!

இதே பொருநைக்கரையிலே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் அங்கே தோண்டிக் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். சிவகளையிலே தாழிக்குள் கிடைத்த நெல் ஏறத்தாழ 3200 ஆண்டுப் பழமையுடையது என்ற முடிவு 2021இலே வெளிவந்தபோது நாம் நெஞ்சு நிமிர்த்தினோம். நிமிர்த்த வேண்டியதுதான். ஆனால் மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய நெல்லுக்கு நெஞ்சு நிமிர்த்துகிறவன், அறுபது ஆண்டுக்கு முந்திய தன் பாட்டனை எடைக்குப் போடலாமா?

போடாத மனிதர் ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. நூல்களோடு நிற்காமல், பிறர் குப்பை என்று எறிந்த நாடக அறிவிப்பு, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992இலே அவர் மறைந்தார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை விலை கொடுத்து வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று வைத்தது. அதுவே சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நாம் எறிந்ததை ஒருவர் பொறுக்கினார். அவர் பொறுக்கியதன் மதிப்பைக் கடல் கடந்தவன் உணர்ந்தான். பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

காத்திருக்க நேரமும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களிலே பெய்த பேய்மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்திலே ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! பொருநை கரைபுரண்டு வீடுகளுக்குள்ளே புகுந்தது. அரிசி போயிற்று, அடுத்த மாதம் வாங்கினோம். கட்டில் போயிற்று, கடனுக்கு வாங்கினோம். கூழாகிப்போன படத்தை எந்தக் கடையிலே வாங்குவது?

ஆகவே அன்பர்களே, பெரிய வேலை எதுவும் சொல்லவில்லை, சின்ன வேலைதான். இன்றிரவே பெட்டியை இறக்குங்கள். வீட்டிலே மூத்தவர் யாரோ அவர் பக்கத்திலே அமருங்கள். படத்தைக் காட்டிக் கேளுங்கள்: யார், எந்த ஊர், என்ன வேலை, எந்த விசேஷம்? அதைப் படத்தின் பின்புறத்திலே மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தைக் கெடுக்கும். கிழிந்த தாளுக்குப் பசைநாடா ஒட்டாதீர்கள். சில ஆண்டிலே அதுவே கறையாகிவிடும். லாமினேஷன் வேண்டாம், அதைப் பிரித்தெடுக்க முடியாது. கைப்பேசியிலே முன்னும் பின்னும் படமெடுத்து இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். அசல்களைத் துணியிலே சுற்றி, தரையை விட்டு உயரமான, ஈரம் படாத இடத்திலே வையுங்கள். போகி நெருப்புக்குப் பாயைக் கொடுங்கள், பாட்டனைக் கொடுக்காதீர்கள்!

தச்சநல்லூர்ப் பெட்டி தராசுக்குப் போகவில்லை. நண்பர் பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பெரிய படத்தின் பின்புறத்திலே பதினொரு பெயர்களை எழுதினோம். பிறகு, ஜன்னலுக்குப் பின்னே நின்றவர் என்று ஆச்சியின் பெயரையும் எழுதினோம். ஆச்சிக்கு வெட்கமாகிவிட்டது.

பதின்மூன்றாம் இடத்திலே இப்படி எழுதியிருக்கிறது: "விளக்குப் பிடித்தவர். நல்ல மனிதர். பெயர் கேட்கத் தாமதித்துவிட்டோம்."

உங்கள் வீட்டுப் படத்திலே அந்த வரியை எழுதும் நிலை வரவேண்டாம்!