பெயரைக் கேட்டுச் சுட்ட ஊர்

பாக்தாதில் 2006ஆம் ஆண்டு பலர் இரண்டு அடையாள அட்டைகளோடுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். ஒன்று சொந்த அட்டை, இன்னொன்று போலி. ஈராக் அட்டையில் சன்னி, ஷியா என்று பிரிவை அச்சிடுவதில்லை. ஆனால் உமர் என்ற பெயர் ஒன்றே போதும், ஆள் சன்னி என்று தெரிந்துவிடும். சோதனைச் சாவடியில் நிற்பது யாருடைய ஆட்கள் என்று தூரத்திலேயே கணித்து, அதற்கேற்ற அட்டையை நீட்ட வேண்டும். ஷியாக்கள் போற்றும் பன்னிரண்டு இமாம்களின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்துவைத்த சன்னி இளைஞர்கள் இருந்தார்கள். அட்டையை நம்பாத துப்பாக்கிக்காரன் அடுத்து அதைத்தான் கேட்பான்.

'ஆயிரத்து நானூறு வருடப் பகை, வேறென்ன' என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. 1920இல் பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்தபோது இரு பிரிவினரும் ஒருவர் பள்ளிவாசலில் மற்றவர் போய்க் கூடினார்கள். 1980 முதல் 1988 வரை ஈரானோடு நடந்த போரில் ஈராக் காலாட்படையில் பெரும்பாலோர் ஷியாக்கள். எதிரே நின்றவர்களும் ஷியாக்கள்தான். ஷம்மார், ஜுபூர் போன்ற பெருங்குலங்களில் இரு பிரிவினரும் உண்டு. சன்னி மாப்பிள்ளை, ஷியா பெண் என்ற சம்பந்தங்கள் பாக்தாதில் சர்வசாதாரணம்.

பிறகு எங்கிருந்து வந்தது இந்தக் கொலைவெறி? 2003 ஜூலையில் அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் 25 பேர் கொண்ட ஆட்சிக் குழு அமைந்தது. ஷியா 13, சன்னி அரபு 5, குர்து 5, துருக்மேன் 1, அசிரியக் கிறிஸ்தவர் 1. அன்றிலிருந்து பதவிக்கு நுழைவுச்சீட்டே பிரிவுதான் என்றாகிவிட்டது. அமைச்சகங்கள் கட்சிகளுக்குப் பிரிந்தன. வேலை, ஒப்பந்தம் எல்லாம் அந்த வழியாகவே போயின. சாலை போட்டுத் தருகிறேன், மின்சாரம் தருகிறேன் என்று சொல்லி ஓட்டு வாங்கத் தேவையில்லாத அரசியல்வாதிக்கு, பக்கத்துத் தெருக்காரன் மேல் பயம் மட்டும் குறையாமல் இருந்தால் போதும்.

ஷியா பெரும்பான்மை 2003க்கு முந்தைய ஆட்சியில் பட்ட அடி நிஜம்தானே என்பார்கள். நிஜம்தான். ஆனால் அந்த வலியை முதலாக்கிப் பிழைத்தவர்கள் வேறு.

சுற்றியுள்ள பெரிய நாடுகளுக்கும் பிரிவு என்பது கையிலெடுக்கும் கருவி. ஈரான் ஷியா ஆயுதக் குழுக்களுக்குத் துணை நின்றது. வளைகுடாவிலிருந்து சன்னி தரப்புக்குப் பணம் வந்தது. அதே ஈரான், ஷியா பெரும்பான்மை கொண்ட அஜர்பைஜானைவிடக் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடுதான் நெருக்கமாக இருந்தது. 2017 ஜூனில் சவூதியும் கூட்டாளிகளும் கத்தாரைச் சுற்றி வழியடைத்தபோது இரு பக்கமும் சன்னி ஆட்சிகள்தான். கத்தாருக்கு விமானத்தில் உணவு அனுப்பியது ஈரான்!

2005 ஆகஸ்ட் 31. டைக்ரிஸ் ஆற்றின் குறுக்கே, சன்னிகளின் அதாமியாவையும் ஷியாக்களின் காதிமியாவையும் இணைக்கும் பாலம். யாத்திரைக் கூட்டத்தில் வெடிகுண்டு என்று ஒரு வதந்தி கிளம்பியது. நெரிசலிலும் ஆற்றிலும் ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதாமியா சன்னி இளைஞர்கள் ஆற்றில் குதித்து ஷியா யாத்ரீகர்களைக் கரையேற்றினார்கள். ஒருவர் பலரை இழுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் தானே மூழ்கிப்போனார். ஆறே மாதத்தில், 2006 பிப்ரவரி 22 அன்று சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலத்தின் தங்கக் குவிமாடத்தைத் தகர்த்தார்கள். அதற்கப்புறம் பாக்தாதின் கலப்புத் தெருக்கள் ஒவ்வொன்றாக ஒரே பிரிவின் தெருக்களாயின. 2007 ஏப்ரலில் அதாமியாவைச் சுற்றி மூன்றரை மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர் எழும்பத் தொடங்கியது.

2023 மார்ச்சில் ஈரானும் சவூதியும் பெய்ஜிங்கில் கைகுலுக்கின. தூதரகங்கள் திறந்தன. பெரியவர்கள் சமாதானமாகிவிடலாம்; பிரிந்த தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளை என்ன செய்வது? என்னை உறுத்துவது இதுதான். மற்ற பிரிவுப் பிள்ளையோடு பந்து விளையாடாமலே ஒரு தலைமுறை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது. ஆனால் 2019 அக்டோபரில் இதே தலைமுறைதான், அதிலும் பெரும்பாலும் ஷியா இளைஞர்கள், பிரிவுவாரிப் பங்கீடு வேண்டாம், எங்களுக்கு நாடு வேண்டும் என்று பாக்தாதின் தஹ்ரீர் சதுக்கத்தில் நின்றது. நூற்றுக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்றார்கள். பிரதமர் ஷியா, சபாநாயகர் சன்னி, குடியரசுத் தலைவர் குர்து என்ற வழக்கம் அசையவில்லை. அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

இப்போது அந்தப் பிரிவினை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 1959இல் இயற்றிய குடும்பச் சட்டம் இரு பிரிவினருக்கும் பொதுவானது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, ஷியாக்களின் ஜாஃபரி முறையைத் தேர்ந்துகொள்ள வழி செய்தது. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கி எதிர்த்தும் பலனில்லை. மதச் சுதந்திரம் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். இனி பாக்தாதில் கல்யாணத்தைப் பதியப் போகிற ஜோடியின் முன் எந்தச் சட்டம் என்ற கேள்வி வந்து நிற்கும். அறுபத்தைந்து வருடங்களாக அந்தக் கேள்வியே எழாமல் அங்கே குடும்பங்கள் நடந்திருக்கின்றன.