நோயின் பெயரை ஏற்றுக்கொள்ளுதல்

"மனச்சிதைவு நோய்" என்றோ "இருமுனை மனநோய்" என்றோ மருத்துவர் கூறும் நாளில், குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்களுக்கு ஏன் இது வந்தது?" மரபுக்கூறுகள், மூளையின் வேதி மாற்றங்கள், வாழ்க்கை நெருக்கடிகள் ஆகியவை சேர்ந்தே இந்நோய்களை உண்டாக்குகின்றன. பெற்றோரின் வளர்ப்போ செய்வினையோ காரணம் அன்று. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மறைப்பதன் விலை

2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பியோட இயலவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வழிபாட்டை எவரும் கைவிட வேண்டியதில்லை. கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்லுங்கள். மாத்திரையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

நம் பக்கத்தில், "கலியாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி நோயை மறைப்பதும் உண்டு. மறைத்து மணம் முடிக்கும்போது, புது வீட்டில் மாத்திரை ஒளித்து உண்ணப்படுகிறது, பிறகு நின்றுவிடுகிறது, நோய் திரும்புகிறது. உரியவரிடம் முன்பே சொல்வதுதான் இருவருக்கும் பாதுகாப்பு.

நோயாளி ஏற்க மறுத்தால்

"எனக்கு ஒன்றுமில்லை" என்று நோயாளி கூறுவது பலவேளை பிடிவாதம் அன்று. தன் நோயைத் தான் உணர இயலாமையும் அந்நோயின் ஒரு கூறு. காதில் ஒலிக்கும் குரல் பொய்யென்று வாதாட வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீ பயந்திருப்பது புரிகிறது" என்று கூறுங்கள். தூக்கமின்மை போன்று அவரே ஒப்புக்கொள்ளும் துன்பத்தைச் சொல்லி மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

மருந்தும் பொறுமையும்

மருந்தின் முழுப்பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நலமடைந்ததும் நிறுத்திவிடுவதே நோய் திரும்புவதற்கு முதன்மையான காரணம். முதன்முறை வந்த மனச்சிதைவு நோய்க்கும், குணம் தெரிந்தபின் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் மருந்து தொடர வேண்டியிருக்கும். உடல் எடை கூடினாலோ, கை நடுங்கினாலோ, மயக்கமாக இருந்தாலோ மருத்துவரிடம் கூறுங்கள்; அளவையோ மருந்தையோ மாற்ற இயலும். லித்தியம் உண்பவர்கள் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஓயாத குறைகூறல் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. "சும்மாதானே இருக்கிறாய்" என்பதற்குப் பதில், தண்ணீர் பிடித்தல், ஆட்டுக்குத் தழை வைத்தல், கடைக்குப் போய்வருதல் என ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள். ஏற்றுக்கொள்வது என்பது தோல்வியை ஒப்புக்கொள்வது அன்று. உள்ளபடி அறிந்து அன்றாடத்தை அமைத்துக்கொள்வது. நோயுடனேயே தொழில் செய்வோரும் குடும்பம் நடத்துவோரும் பலர்.

உறக்கம் குறைதல், தனித்திருத்தல், காரணமற்ற சந்தேகம், அளவுமீறிய பேச்சு ஆகியவை முன்னறிகுறிகள், கண்டவுடன் வாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம்.

பராமரிப்பவரும் உறங்க வேண்டும், உண்ண வேண்டும். பொறுப்பை ஒருவரே சுமவாமல் வீட்டார் பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது, உங்கள் சோர்வையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.