அடுப்பருகே நிற்காமல் ஒரு வேளை உணவு

எடப்பாடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அத்தகைய இல்லத்தில் ஒருவர் நோயுற்றால், அவரைக் கவனிப்பவரே தறியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. மாத்திரை கொடுக்கவும் மருத்துவமனைக்கு அழைத்து வரவும் நேரம் ஒதுக்குபவர், சமையலுக்கான நேரத்தைத்தான் முதலில் குறைத்துக்கொள்கிறார். அதன் விளைவாகக் கடைப் பலகாரம் நோயாளியின் தட்டுக்கு வந்துவிடுகிறது. நேரமும் பணமும் அதிகம் கேட்காத மெதுவான சமையலை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

பழைய அறிவு, எளிய கருவி

கொதித்த பாத்திரத்தின் சூட்டை வெளியேற விடாமல் காத்தால், அந்தச் சூட்டிலேயே உணவு வெந்துவிடும். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் மக்களிடையே பரப்பிய ‘சூடாறாப்பெட்டி’ இவ்வாறு இயங்குவதே. இன்று கடைகளில் கிடைக்கும் தெர்மல் குக்கரும் அதே வகையைச் சேர்ந்தது. 1910-ஆம் ஆண்டில் வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ் மல்லிக் உருவாக்கிய ‘இக்மிக் குக்கர்’, சிறிதளவு கரியின் வெப்பத்தில் அடுக்குப் பாத்திரங்களில் சோறும் பருப்பும் மெல்ல வேகச் செய்தது.

மின்சார ஸ்லோ குக்கரும் உண்டு. 200 வாட் கருவி ஐந்து மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். தெர்மல் குக்கருக்கோ தொடக்கக் கொதிக்கான எரிவாயு மட்டுமே போதும்.

வார நாட்களுக்கு மூன்று உணவுகள்

*அரிசிப்பருப்புச் சாதம்:* ஒரு பங்கு அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, நான்கு பங்கு நீர். ஒரு மணி நேரம் ஊறிய பருப்பை முதலில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பின்னர் அரிசி, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள்தூள் சேர்த்து மேலும் ஐந்து நிமிடம் கொதித்ததும் குக்கருக்குள் வைத்து மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் குழைவாக வெந்திருக்கும்.

*பச்சைப்பயறு கடைசல்:* இரவு ஊறிய பயறைக் காலையில் பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்து மூடுங்கள். இரண்டு மணி நேரத்திற்குப் பின் கடைந்து தாளிக்கலாம்.

*கம்பு ரவைக் கஞ்சி:* ஒரு பங்கு ரவைக்கு ஆறு பங்கு நீர். கட்டி தட்டாமல் கிளறிப் பத்து நிமிடம் கொதித்த பின் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்.

எதைச் சமைத்தாலும் பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். அளவு குறைந்தால் சூடு விரைவில் ஆறிவிடும். இடையில் திறந்து பார்ப்பதும் கூடாது.

கவனிக்க வேண்டியவை

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் பெருகும். எனவே திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். உணவு கையால் தொட இயலாத சூட்டில் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்த சோற்றை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். அதில் உண்டாகும் சில நச்சுகள் மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. புற்றுநோய் மருந்து பெறுவோர், முதியோர், குழந்தைகள் ஆகியோருக்கு இது மிக முக்கியம்.

ராஜ்மாவை மெதுவான சூட்டில் மட்டும் வேக வைக்கக் கூடாது. அதிலுள்ள நச்சு முழுக் கொதியில்தான் அழியும். இரவு முழுவதும் ஊற வைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் அரை மணி நேரம் நன்கு கொதிக்க வையுங்கள். பச்சை இறைச்சியைத் தெர்மல் குக்கரில் சமைப்பதையும் தவிர்க்க வேண்டுகிறோம்.

மிகக் குழைந்த சோறு இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும். ஆதலால் நீரிழிவு உள்ளவர்கள் சோற்றைக் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரக நோயாளிகளுக்குப் பருப்பின் அளவு ஒவ்வொருவருக்கும் வேறுபடும். மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

பராமரிப்பவரும் வேளைக்கு உண்ண வேண்டும் என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். நோயாளிக்கென வைக்கும் பாத்திரத்தில் உப்பும் காரமும் குறைத்து, இருவருக்குமாகவே சமையுங்கள். உங்கள் பங்கிற்கு வேண்டிய காரத்தை இலையில் சேர்த்துக்கொள்ளலாம்.