மூலையில் கிடக்கும் கணனிக்கு லினக்ஸ் போடலாமா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐப் போடலாமென்றால், பத்து வருடப் பழைய கணனிகள் பெரும்பாலும் அதற்குத் தகுதி பெறுவதில்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள், ஒப்படை எழுத வேண்டும். புதியது வாங்க எல்லா வாப்பாமாருக்கும் வசதியிருக்குமா?

"லினக்ஸ் போடுங்க, சும்மாவே கிடைக்கும்" என்பார்கள். உண்மைதான். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. உலகெங்குமுள்ளோர் சேர்ந்து வளர்த்தது. நமக்கும் தூரமானதல்ல. 2004 சுனாமி நம் கரையோரத்தைத் துடைத்தெறிந்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' இதே திறந்தமூல வழியில் வந்ததுதான். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது கைகொடுத்தது.

ஆனால் சகோதரிகளே, பணம் கேட்காத இந்தப் பொருள் பொறுமையை நிறையவே கேட்கும்!

முதல் தடை, கணனியின் வயது. மிகப் பழையவை 32 பிட் வகை. உபுண்டு 2017இலேயே அவற்றுக்கான பிரதான பதிப்பைக் கைவிட்டது. டெபியன் 13க்கும் அவற்றில் நிறுவும் வசதி இல்லை. டெபியன் 12 இன்னும் ஏறும். 2 ஜிபி நினைவகமே உள்ள 64 பிட் கணனியென்றால் லுபுண்டு போன்ற இலேசானதே நல்லது.

அடுத்தது வைபை. நிறுவி முடித்த பிறகு அது வேலை செய்யாவிட்டால், அதைச் சரிப்படுத்தும் மென்பொருளை இறக்கவும் இணையம் வேண்டுமே! கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் கணனியோடு இணைத்து, அதன் டேட்டாவைப் பகிர்ந்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். கணனிக்குள்ளிருக்கும் நாணயம் போன்ற பற்றரி செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று மறுக்கும். பிழை லினக்ஸில் என்று பலர் கைவிடுவது இங்கேதான். பற்றரி மாற்றினால் தீர்ந்தது.

நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைபை, ஒலி, பிரிண்டர் எல்லாவற்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். "வட்டை முழுதாக அழித்து நிறுவு" என்ற தெரிவை அவசரத்தில் அழுத்தினால் ராத்தாவின் கலியாணப் படங்களும் சேர்ந்தே போகும். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதியெடுங்கள்.

நம் பகுதியில் பெரிய தலையிடி பாமினிதான். காணி விபரம், மத்ரஸா நிகழ்ச்சி நிரல், பாடக் குறிப்பு என எத்தனையோ அந்த எழுத்துருவில் அடித்துவைத்திருக்கிறோம். லினக்ஸில் திறந்தால் தமிழ் காணாமற்போய் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகக் கிடக்கும். பயப்படாதீர்கள், கோப்பு கெடவில்லை. பாமினி தமிழை ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் உட்கார்த்திவைத்த எழுத்துரு. அது இல்லாத கணனியில் அடியிலுள்ள ஆங்கிலமே தெரியும். பழைய விண்டோஸை அழிக்குமுன் அதன் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியைப் பென் டிரைவில் எடுத்துவைத்து, லினக்ஸில் நிறுவிவிட்டால் பழைய ஆவணங்கள் வாசிக்கக் கிடைக்கும். புதிதாக எழுதுவதை யுனிகோட்டிலேயே எழுதப் பழகுங்கள். ஐபஸ், எம்17என் இரண்டையும் சேர்த்தால், விசைப்பலகைப் பட்டியலில் நமக்குப் பழக்கமான ரெங்கநாதன் முறையும் இருக்கும்.